சுமையின் பேரே நமக்கும்

இன்று காலை பெருமாள் புறப்பாடு முடிந்து தோள்துண்டை உதறினேன். வேர்வையும் துளசியும் கலந்த புளித்த வாடை. உன் துண்டிலும் இதேதான் அடிக்கும். சட்டென்று நீ பக்கத்தில் நிற்பதுபோல ஆகிவிட்டது.

நீ முன்தண்டு, நான் பின்தண்டு. எத்தனை வருஷம் பெருமாளைத் தூக்கியிருப்போம்! கோயிலில் நம்மை "ஸ்ரீபாதம்" என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமாளின் திருவடியைத் தாங்குகிறவர்களாம். வெயில் ஏறினால் அதே தோளில் பட்டுக்கடையின் பார்சல் மூட்டை. அங்கே நம் பேர் "லோடு". முதலாளி வாசலில் நின்று "ஏய் லோடு!" என்பார். நீ மூட்டையைத் திரும்பிப் பார்ப்பாய்.

"லோடு அதோ இருக்குது மொதலாளி. நான் இங்க நின்னுக்கினு இருக்கேன்."

எல்லோரும் சிரிப்பார்கள், அவரும்தான். எனக்குச் சிரிப்பு வராது. கோயிலிலாவது மரியாதை இருக்கிறதே என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"அங்க மட்டும் என்ன வாழுதாம்? பாதமும் மேல இருக்கறதோட பேருதான். கீழ இருக்கறவனுக்குப் பேரே இல்லப்பா."

அன்றிலிருந்து இரண்டு சொற்களும் எனக்குக் கசந்துபோயின.

நீ செத்த அன்று, வண்டி கொண்டுவந்தவன் தெருவிலிருந்தே "பாடி ரெடியா?" என்று கத்தினான். மூன்றாவது பேர்! தூக்கும்போது உன் பேரைச் சத்தமாகச் சொன்னேன். எல்லாத் தோளும் ஒன்றாக எழுந்தன.

இன்று காலை பெருமாள் கடைவாசலுக்கு வந்தபோது முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார். "ஸ்ரீபாதம், கொஞ்சம் நிறுத்துங்க" என்று கைகூப்பினார். அப்புறம் நான் வேலைக்குப் போனால், அதே வாய் "ஏய் லோடு!" என்கிறது. சீ! உன் பதிலை அப்படியே அவர் முகத்தில் வீசினேன்.

அவர் சிரித்தார். "அவனாட்டமே பேசறியே! நல்ல ஆளுபா. அவன் பேரு... என்னமோ வருமே?"

காலமெல்லாம் அவர் மூட்டையைச் சுமந்தவன் நீ. உன் சாவுக்கு வந்து மாலை போட்ட மனுஷன் அவர். பேர் தெரியவில்லை! அருவருப்பில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான் சொல்லவில்லை. அந்த வாயில் உன் பேர் விழ வேண்டாம். மூட்டையைத் தோளில் ஏற்றும்போது எனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். நீ போனதிலிருந்து பெருமாளானாலும் மூட்டையானாலும் அதைச் சொல்லித்தான் தூக்குகிறேன்.