கடைசி அலசல்

செப். 29, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. முழங்கால் வலி, தைலம் தீர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு ரமேஷ் வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அப்பா விட்டுப்போன பேண்டேஜ் துணி மில்லுக்கு முதலாளி. ஆயுத பூஜையன்று மில்லில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: நூறாண்டு நிலைக்கும் நிறுவனம். சரி என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

மாலையில் எதிர்வீட்டுக் கனகு வந்து அழுதாள். அவள் வீட்டுக்காரர் செல்லத்துரை அதே மில்லில் சலவைப் பிரிவு மேஸ்திரி. துணியில் வெளுப்பு மருந்தின் வாடை அடிக்கிறதென்று ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. ரமேஷ் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, "இந்த ஆளோட கவனக்குறைவு" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

"லோடு சீக்கிரம் போகணும், கடைசி அலசல் வேண்டாம்னு சொன்னதே மொதலாளிதான் டீச்சர். இவிய எம்புட்டோ சொல்லிப் பாத்தாவ."



செப். 30, செவ்வாய்

தைலம், பொரி, கடலை, எலுமிச்சை. கடைத்தெருவில் நடக்க இடமில்லை.

அப்படியே மில்லுக்குப் போனேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

"நீ சொன்னியாடா?"

மறைக்கவில்லை. "நான்தான் சொன்னேன் டீச்சர். ஒர்க்கர்ஸ் முன்னாடி அதை ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் மதிப்பான்? ரெண்டு மாசம் போகட்டும், அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கிறேன்."

மதிப்பாம்! எங்கள் தலைமையாசிரியை ஒருமுறை பரீட்சை அட்டவணையைத் தப்பாகப் போட்டுவிட்டார். பிள்ளைகள் வேறு பாடம் படித்துவந்து முழித்தார்கள். எழுத்தர் தலையில் கட்டியிருக்கலாம். காலை வழிபாட்டில் மைக் முன்னால் வந்து, "தப்பு என்னோடது பிள்ளைகளா" என்றார். அதற்குப் பிறகு அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் முணுமுணுக்காமல் போனோம். இதை இவனுக்கு எந்த வகுப்பில் சொல்லாமல் விட்டேன்?

அக். 1, புதன். ஆயுத பூஜை

நல்ல வெயில். மில் வாசலில் வாழை, பந்தல், பாட்டுக் கச்சேரி. பாய்லருக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பது எப்போதும் சலவை மேஸ்திரிதான். முதலாளிக்கே அவர் கையால்தான் முதல் பொரி. அது ரமேஷின் அப்பா வைத்த வழக்கம். இந்த வருடம் ரமேஷின் மைத்துனன், கூலிங்கிளாஸோடு. ஓங்கிப் போட்டான். காய் உடையாமல் உருண்டு ஓடியது.

பின்னால் ஒரு குரல்: "ஏட்டி, அதுவும் மேஸ்திரியத் தேடிப் போகுது போல!"

மைக் கைக்கு வந்ததும் கேட்டேன்: "செல்லத்துரை எங்கே? அலசலை நிறுத்தச் சொன்னது யார்?" ரமேஷ் மைக்கை வாங்கி, "டீச்சர் இன்னும் அதே ஸ்ட்ரிக்ட்!" என்று சிரித்தான். உடனே பொன்னாடை. நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

அக். 3, வெள்ளி

நேற்று முழுக்கத் தலைவலி, எழுதவில்லை.

செல்லத்துரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில்லில் வேலை. காலை பஸ்ஸில் போயிருக்கிறார். தனியாக இல்லை.

"சலவைப் பிரிவே கூடப் போயிருக்கு டீச்சர். இவிய யாரையும் கூப்பிடல. 'நீரு ஏறும் அண்ணாச்சி, நாங்களும் வாரோம்'னு பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்காவ." கனகு இன்றைக்குத்தான் சிரித்தாள்.

மத்தியானம் ரமேஷ் போன். "தொட்டியில துணி அப்படியே கெடக்கு டீச்சர். ஆள் இல்ல. நீங்களாவது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நீ சொல்லு. எல்லாரையும் நிறுத்திவச்சு அவரைச் சொன்னேல்ல, அதே இடத்துல நின்னு சொல்லு."

"தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாப் போதாதா டீச்சர்?" என்றான்.

போனை வைத்துவிட்டேன்.