பனியில் படுத்திருந்த ஐந்து பொலிஸ்காரர்

அண்ணை,

உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நாங்கள் வெளிக்கிடும்போது அக்கா என் கையில் ஒரு கடித உறையைத் திணித்தார். "உதை நீரே வைச்சிரும். எனக்கு உதிலை ஒண்டும் விளங்கேல்லை" என்றார். அஜக்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சீலையைக்கூட மாற்றாமல் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் நயாகராவில் நீங்கள் எடுத்த படங்கள். ஒன்றிலாவது ஒரு முகம் இல்லை. அருவிகூட இல்லை. அருவிக்கு மேலே ஆற்றில் வரிசையாக நிற்கும் அந்த இரும்புக் கதவுகளைத்தான் வெயிலிலும் மழையிலும் விதம்விதமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். முதலில் சிரித்தேன். பிறகு பனிக்காலத்துப் படம் ஒன்று கைக்கு வந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் மாதத்திலேயே நயாகராவைக் காட்டிவிட வேண்டும் என்பது அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் எழுதாமல் எழுதிவைத்த சட்டம். வான் வண்டி நிறைய ஆட்கள், பின்னுக்கு இடியப்பப் பார்சல், ஒரு வாளி சம்பல். ஓட்டுகிற வேலை எப்போதும் உங்கள் தலையில். அருவியைக் காட்டி முடித்ததும் கெஞ்சக் கெஞ்ச எல்லாரையும் மேலே அந்தக் கதவுகளுக்குக் கூட்டிப்போவீர்கள். "அருவி விழுகிறது ஒரு புதினமே? எவ்வளவு விழவேணும் எண்டு ஆர் சொல்லுறான், அதை வந்து பாருங்கோ" என்பீர்கள். பதினெட்டுக் கதவுகள். கோடையில் சனம் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் அருவிக்கு நிறையத் தண்ணீர் விடுவார்கள் என்றும், சனம் போனதும் பாதியாகக் குறைத்து மிச்சத்தைச் சுரங்கத்தால் மின்சார நிலையங்களுக்குத் திருப்பிவிடுவார்கள் என்றும், பனிக்காலம் முழுக்கப் பாதிதான் என்றும் சொல்லிக்கொண்டே போவீர்கள். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். வன்னியில் ஒரு பெரிய குளத்தில் இருபது வருடம் வெள்ளநீர் போகிற வான்கதவு திறந்து பூட்டியவர் நீங்கள். இங்கே பெட்டி ஒட்டுகிற பக்டரியில் நின்றீர்கள். உங்களுக்கு அந்தக் கதவுகளைக் கண்டால்தான் முகம் மலரும்.

அப்போது ரொறன்ரோவில் அஜின்கோர்ட் வீட்டில் மேலே நீங்களும் உங்கள் மனிசி அக்காவும், கீழே பேஸ்மென்றில் நான் தனியாக. ஆள் அனுப்புகிற ஏஜென்சி என்னை நேராக இங்கே அனுப்பிவிட்டான். என் மனிசன் இவரை அமெரிக்கா வழியாக அனுப்பினான். எல்லைக்கு வந்த மனிதரிடம் கனடாக்காரர் அகதி விசாரணைக்கு ஒரு திகதியைக் கொடுத்து, அதுவரை அந்தப் பக்கமே நில்லுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். ஆறு கிழமை. பஃபலோவில் அகதிகள் தங்குகிற ஒரு வீட்டில், இருபது பேருக்கு ஒரு போன் உள்ள இடத்தில், எங்களுக்குக் கலியாணமாகி எட்டே மாதமான இந்த மனிதர் ஒவ்வொரு வியாழனும் எனக்கு எடுப்பார். ஒன்றரை மணித்தியாலத்தில் காரில் போய்விடக்கூடிய தூரம் அது. எனக்கோ அது நாங்கள் ஊரைவிட்டுத் தப்பிவந்த கிளாலிக் கடலைவிட அகலமாக இருந்தது.

அந்தத் தை மாதம் குளிர் கொன்றது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் போன் வந்தது. வழக்கமாக அழுமூஞ்சிக் குரலில் தொடங்குகிறவர் அன்றைக்குத் துள்ளிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பார், நான் நயாகராவுக்குப் பஸ்ஸிலை போய்ப் பாத்திட்டு வந்தனான். அருவிக்குக் கீழை ஆறு முழுக்க ஐஸ். இந்தக் கரையிலை இருந்து உங்கடை கரை மட்டும் ஒரே வெள்ளை. ரோட்டு மாதிரிக் கிடக்கு. ஒரு சென்றி இல்லை, ஒரு காவல் இல்லை. சனிக்கிழமை விடிய நடந்து வாறன்."

"உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன்.

"கிளாலியிலை நேவி சுடச்சுட வந்தனாங்கள். இது சும்மா பத்து நிமிச நடை. இஞ்சை நிக்கிற பெடியள் சொல்லுறாங்கள் சட்டம் மாறப்போகுதாம், திகதி குடுத்த ஆக்களையும் பிடிச்சுத் திருப்பி அனுப்பப்போறாங்களாம். பிறகு நீ அங்கை, நான் கொழும்பிலை."

படிக்கட்டின் அடியில் நின்று "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன். நீங்கள் சாப்பிட்ட கையோடு இறங்கி வந்தீர்கள். விஷயத்தைக் கேட்டதும் இடது கையால் போனை வாங்கினீர்கள்.

"தம்பி, அருவி உறையேல்லை. அதுக்குப் பின்னாலை தண்ணி விழுந்துகொண்டுதான் இருக்குது. எழும்புற தூவானம்தான் பட்ட இடமெல்லாம் உறையுது. ஏரியிலை இருந்து ஐஸ்கட்டி வாறதை மறிக்கக் கப்பல் கட்டுற மாதிரிச் சங்கிலி போட்டு மிதவை கட்டி வைச்சிருக்கிறாங்கள். அதையும் மீறி வாறது அருவியாலை விழுந்து கீழை செருகுப்படும். தூவானம் அதை ஒட்டிவிடும். நீ பாத்தது அதுதான். அதுக்கு அடியிலை ஆறு ஓடுது தம்பி. பெரிய ஆழம்." மூச்சு வாங்கித் தொடர்ந்தீர்கள். "மேலை கதவுகளடியிலை ஐஸ் சேந்துதெண்டால் அதைத் தள்ளிவிட உடனை கதவைத் திறப்பாங்கள். எப்ப எண்டு கீழை நிக்கிறவனுக்குத் தெரியாது. தண்ணி ஏறினால் நீ நடக்கிற ரோட்டு வெடிக்கும். முந்தி சனம் அதிலை நடந்து விளையாடினது. ஒருநாள் உடைஞ்சு மூண்டு பேர் போயிட்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரையும் விடுறேல்லை."

அந்தப் பக்கத்திலிருந்து இவருடைய குரல் எனக்கே கேட்டது. "அண்ணை, நீங்கள் கதவுக் கதை சொல்லுறியள். எனக்குக் காவல் இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

இந்த மனிதருக்கு மட்டுமில்லை, எங்கள் எல்லாருக்கும் ஆபத்து என்றால் அது ஆமி உடுப்புப் போட்டு, துவக்குப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். தண்ணீருக்கு யார் பயந்தார்கள்? நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். தாழ்த்தும்போது என்னைப் பார்க்கவில்லை.

"சரி. தண்ணியை விடு. ஒண்டு சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. அதிலை ஆக்கள் நிக்கிறாங்கள்."

"எங்கை? நான் பாத்தனான், ஒருத்தனும் இல்லை."

"நிண்டால் தெரியுமே? படுத்திருக்கிறாங்கள். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. எல்லைப் பொலிஸ். பிடிபட்டியெண்டால் உன்ரை திகதியும் போச்சு, இவளின்ரை அகதிக் கேசும் போச்சு."

அந்தப் பக்கம் யாரோ போனுக்கு அவசரப்படுத்துவது கேட்டது. வாறன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் இவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் பத்துத் தரம் அங்கே எடுத்தேன். ஒவ்வொரு தரமும் அந்த ஒரு போனில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். சனி விடியமுன்னரே, நான் கேட்காமலேயே, நீங்கள் கார்த் திறப்பும் கையுமாக வந்து நின்றீர்கள். நயாகரா போகும் வழி முழுக்க நான் நல்லூரானை, சந்நிதியானை, பெயர் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் ஒரு தரம் மட்டும், "நான் பொய் சொல்லிப் பழக்கமில்லைத் தங்கச்சி. அவன் நம்பினானோ தெரியாது" என்றீர்கள்.

இறங்கியதும் கம்பி வேலியைப் பிடித்தேன், கையுறை ஒட்டிக்கொண்டது. மரம், விளக்குக் கம்பம், இருக்கிற வாங்கு எல்லாம் கண்ணாடி பூசிய மாதிரி. அருவி ஓரங்களில் வீடளவு பனித் தூண்கள் தொங்கின. நடுவில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தேன். இவர் சொன்னது பொய்யில்லை அண்ணை. ரோட்டுத்தான். மேடும் பள்ளமுமாக, அந்தக் கரையிலிருந்து எங்கள் காலடி மட்டும் வெள்ளை ரோட்டு. ஐயோ, நானே நடந்திருப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பைனாகுலரை நீங்கள் வைத்திருந்தீர்கள். "செம்மஞ்சள் ஜாக்கெற்றே?" என்றீர்கள். பறித்துப் பார்த்தேன். இவர்தான். தங்குமிடத்தில் கொடுத்த, இரண்டு பேரை வைக்கக்கூடிய அந்த ஜாக்கெற்றோடு அமெரிக்கக் கரையின் வேலியோரம் நின்றார். கையை வீசினேன். கத்தினேன். அருவியின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் எங்களைப் பார்க்கவேயில்லை, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நடந்து, பனிக்காலத்துக்கென்று மூடி வைத்திருந்த, ஆற்றுக்கு இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் போனார். அக்கம்பக்கம் பார்த்தார். சங்கிலியைத் தாண்டினார். பாறை மறைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு இருபது நிமிடம். என்னுடைய வாழ்க்கையில் ஷெல் விழுந்த நாட்கள் உண்டு, பங்கருக்குள் பிள்ளைபோல நடுங்கிய நாட்கள் உண்டு. அந்த இருபது நிமிடத்துக்கு ஒன்றும் கிட்ட வராது. வெள்ளையில் ஒரு செம்மஞ்சள் புள்ளி வருகிறதா என்று கண் வெட்டாமல் பார்த்தேன். வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் இல்லாமல், ஆற்றிடம் கதைக்கிற மாதிரிச் சொன்னீர்கள்:

"ஒருக்கால் நான் வான்கதவு திறக்கேக்கை கீழை ஒருத்தன் மாடு சாய்ச்சுக்கொண்டு ஆத்துக்குள்ளாலை போனவன். மணி அடிச்சுப் பாத்தன், கத்திப் பாத்தன். அவன் சிரிச்சுக் கையைக் காட்டினான். ஆறு காஞ்சு கிடந்தது தங்கச்சி. கண்ணுக்கு முன்னாலை காஞ்சு கிடக்கிற ஆத்துக்கு ஆர் பயப்பிடுவான்?"

"பிறகு?" என்றேன்.

நீங்கள் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டீர்கள்.

"மேலை ஏறுறான்" என்று நீங்கள் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. வேலியோரம் செம்மஞ்சள் திரும்ப வந்தது. குனிந்துகொண்டு, ஒளிக்கிற ஆள் மாதிரி, விறுவிறு என்று பஸ் தரிப்புப் பக்கம் நடந்தது. நான் பனியில் சம்மணம் கட்டி இருந்துவிட்டேன். நீங்கள் என்னை எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் போய், "கீழை பாரும்" என்றீர்கள். ரோட்டின் நடுவே கறுப்பாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கவே அது வாய்க்காலளவு விரிந்தது. அதற்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. இவ்வளவுக்கும் எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. "கதவு திறந்திட்டாங்களோ?" என்று கேட்டேன். "தெரியாது. இஞ்சை நிண்டு தெரியாது" என்றீர்கள்.

அடுத்த நாள் இவர் எடுத்தார். குரல் கீழே போயிருந்தது. "அண்ணை சொன்னது சரி. கடைசிப் படியிலை நிண்டு பாத்தனான். ஐஞ்சு பேர். வெள்ளையாப் படுத்திருந்தாங்கள். ஒருத்தன் தலையைக்கூட அசைச்சவன்." நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அங்கே ஐஸ் திட்டுகளைத் தவிர ஒரு காகம்கூட இருக்கவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

திகதி வந்தது, இவரும் பாலத்தால் முறைப்படி வந்தார். ஆனால் அந்த ஐந்து பேரும் கூடவே வந்துவிட்டார்கள். கேஸ் விசாரணை வரை இரண்டு வருடம், "என்னைப் படம் எடுத்திருப்பாங்களோ? கேஸிலை கேப்பாங்களோ?" என்று என்னை அரித்தெடுத்தார். ஸ்னோ தள்ளுகிறவனைக் கண்டாலும் முகம் வெளிறும். பார்க்கச் சகிக்காமல் உங்களிடம் வந்தேன். "சொல்லிப்போடுவம் அண்ணை." "கேஸ் முடியட்டும்" என்றீர்கள். முடிந்தது. "பேப்பர் கைக்கு வரட்டும்" என்றீர்கள். வந்தது. அதற்குள் இவருக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. பிறந்தநாள் வீடு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்திய வீடு, எங்கே போனாலும் ஐந்து பொலிஸ்காரரின் கதை. நீங்கள் கேக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சிரிப்பில்லாமல் "ஓம் ஓம்" என்று தலையாட்டுவீர்கள். எனக்கு உங்களைக் கிள்ளவேண்டும்போல இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அக்காவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னீர்கள்: "தங்கச்சி, நான் போனாப் பிறகு உவனுக்கு உண்மையைச் சொல்லிப்போடும். இருபது வருசம் தண்ணி விட்டவன் கடைசியிலை ஒரு பொய்யாலை ஆளைக் காப்பாத்தினவன் எண்டு எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. தண்ணிக்குத்தான் அவன் பயந்திருக்கவேணும்." நான் ஓம் என்றேன்.

சொல்லவில்லை அண்ணை. செத்தவீட்டில் உங்களை வைத்திருந்த மண்டபத்திலேயே இவர் எழும்பி நின்று, அந்தக் கதையைச் சொல்லி, "அண்ணை இல்லாட்டி நான் பிடிபட்டிருப்பன்" என்று விக்கி விக்கி அழுதார். அங்கே வைத்து எப்படிச் சொல்ல? நேற்றுத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். "இஞ்சேருங்கோ, அந்தப் பொலிஸ்காரர்…" என்றேன். "ஓம், என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஒண்டுமில்லை, சீனி போதுமே எண்டு கேட்டனான்" என்று குசினிக்குள் போய்விட்டேன்.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்றில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம். தலை முழுக்க நரைத்து, பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு இனி என்ன வரப்போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனாலும், அங்கே ஒருவரும் படுத்திருக்கவில்லை என்று நான் வாய் திறந்து சொல்கிற அந்த நொடியில், அன்றைக்குக் கடைசிப் படியில் நின்ற என் மனிசன் பனியில் காலை வைத்துவிடுவார், அண்ணை.