பெல்ட் இல்லாத படம்

பிப்ரவரி 9

சிட்டு,

அக்கா எழுதுகிறேன். உன் பாப்பா சுகம். உன் முதலாளியம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாளா?

பயப்படாமல் படி. தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மா பாப்பாவின் தொடைகளை விரித்துப் பார்த்தார். இடது பக்கம் விரியவில்லை. "பிறக்கும்போது கால் முன்னாடி வந்த பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காராமல் வழுக்குகிறதாம். தோளிலிருந்து பாதம் வரை ஒரு பெல்ட் மாட்டியிருக்கிறார்கள். காலை மடக்கி விரித்தே வைத்திருக்கும். குளிப்பாட்டக்கூடக் கழட்டக் கூடாது. "சீக்கிரமே பிடிச்சுட்டோம், பயப்படாதீங்க, ஓடி விளையாடுவா" என்றார் டாக்டர்.

பார்க்கத் தவளை மாதிரி இருக்கிறாள். அப்படித்தான் கூப்பிடுகிறேன். பெல்ட்டுக்கு மேலே போட அகலமாக ஒரு கவுன் தைத்திருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

என் பிள்ளை தவளை என்றால் நீ தவளைக்குப் பெரியம்மா, ஞாபகம் வைத்துக்கொள். சிரித்துவிட்டு அழுதேன்.

ஒரு படம் அனுப்பு. பிறந்து முப்பது நாளில் விட்டுவிட்டு வந்த முகம், மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவளை அழ மட்டும் விடாதே. நீ இருக்கிறாய் என்றுதான் நான் இங்கே மூச்சு விடுகிறேன்.

சிட்டு

ஏப்ரல் 4

அக்கா,

படம் வந்தது. கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். என்ன சிரிப்பு! பெல்ட்டைக் காணோமே, சரியாகிவிட்டதா?

சிட்டு

ஏப்ரல் 21

சிட்டு,

சரியாகிவிட்டது. நீ நிம்மதியாக வேலையைப் பார்.

அக்கா

ஜூலை 13

சிட்டு,

காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று அந்த வீட்டிலிருந்து போன் வந்து ஐந்து வாரம். உன் பை மட்டும் வந்தது. படத்தின் ஓரமெல்லாம் தொட்டுத் தொட்டு மழுங்கியிருக்கிறது.

இருந்தபோது சொல்லாததைச் சொல்கிறேன். நீ பார்த்து அழக் கூடாதே என்றுதான் படத்துக்குப் பெல்ட்டைக் கழட்டினேன். காலை உதைத்துச் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகு திரும்ப மாட்டக் கை வரவில்லை. அப்புறம் அழும்போதெல்லாம் கழட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் மட்டும் மாட்டினேன்.

மறு ஸ்கேனிலும் எலும்பு வெளியேதான் நின்றது. டாக்டர் கேட்டார், "கழட்டாமப் போட்டிருந்தீங்களாம்மா?"

"போட்டிருந்தேன் டாக்டர்."

"அப்போ இவளுக்குப் பெல்ட் சரிப்படாது" என்று எழுதிக்கொண்டார். நர்ஸம்மா என் முகத்தையே பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் பெல்ட்டையே போட்டுப் பார்த்திருப்பார்கள்.

நேற்று மயக்க மருந்து கொடுத்து எலும்பை உள்ளே தள்ளினார்கள். மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு, மூன்று மாதத்துக்கு. அப்புறமும் எலும்பு உள்ளே நிற்காவிட்டால் ஆபரேஷனாம். நொண்டலும் வரலாமாம். அன்று தைத்த அகலக் கவுன் கட்டுக்கு மேலே சரியாக இருக்கிறது. கை தட்டினாலும் சிரிக்க மாட்டேன் என்கிறாள். அழுகிறாள் சிட்டு. இதை என்னால் கழட்ட முடியாது.

உன் பைக்குள் என் கடிதங்களும் இருந்தன. கடைசியாக வந்தது மேலே, நாலாக மடித்து. சரியாகிவிட்டது என்று எழுதினேனே, அதை நம்பித்தான் போனாயா?

அக்கா