கனகசபை அண்ணையின் அழியாத அறிவித்தல்

சுருவில்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் தேனுஜனுக்கு,

நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நோர்வேயில் நீயும் சுகமாயிருக்க நயினை அம்மாள் துணை. போனில் எழுதாமல் ஏன் தாள் எடுத்தேன் என்று யோசிப்பாய். கம்பியூட்டரில் எழுதியது அழித்தாலும் அழியாது என்று இந்தக் கிழமைதான் படித்தேன், தாளென்றால் அடுப்பிருக்கிறது. நீயும் தங்கச்சி தனுசியாவும் இன்னும் கதைக்கவில்லையாம், அம்மா சொன்னா, நான் அதில் தலையிடவில்லை.

ஊரில் யார் கண்மூடினாலும் மரண அறிவித்தல் எழுதுவது நான்தானே. மாசியில் சனசமூக நிலையத் தலைவர் கனகசபை அண்ணை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, இனித் தப்பமாட்டார் என்று எல்லாரும் சொல்ல, கடைசி நேரத்தில் அந்தரப்படக்கூடாதென்று அவருடையதை முன்கூட்டியே எழுதி மடிக்கணினியில் வைத்தேன். மனிசன் மறுகிழமை எழும்பி ஒடியல் கூழ் கேட்டார். பழைய மடிக்கணினியை நிலையத்துக்குத் தருவதாகக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லிக் கைதட்டும் வாங்கின பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. உடனே அழித்தேன். ஆனால் அம்மா தவறுதலாய் அழித்த கலியாணப் படங்களை மீட்க நீ போட்டுத் தந்த மென்பொருளைத் திறந்தால், செத்த கோப்புகளின் வரிசையில் அறிவித்தல் உயிரோடு இருக்கிறது. ஒரேயடியாக அழிக்கும் பொத்தானும் அதிலேயே உண்டே, அமத்தினேன். படங்கள், வீடியோக்கள் எல்லாம் போயின, அறிவித்தலை மட்டும் அழிக்க முடியாது என்றது, எத்தனை தரம் அமத்தினாலும் அதே பதில். வேலணையில் கடை வைத்திருக்கும் சதீசனைக் கேட்டேன். பெரிய கோப்புக்குத் தனி இடமாம், மிகச் சின்னதென்றால் வன்வட்டின் பொருளடக்கத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுமாம், அதில் கைவைத்தால் எல்லாம் குழம்புமென்று மென்பொருள் தொடாதாம். வழக்கமில்லாத வழக்கமாய்ச் சுருக்கமாக எழுதினேன், அதற்கு இந்தத் தண்டனை. கொண்டுவாங்கோ மாமா, வட்டை முழுதாய்த் துடைச்சுத் தாறன் என்றான்.

நான் குளிக்கப் போன நேரம் கனகசபை அண்ணை நிலையத்துக்கு மடிக்கணினியை எடுக்க வந்திருக்கிறார். அம்மா தேத்தண்ணியும் கொடுத்து, மடிக்கணினியையும் திறந்தபடியே தூக்கிக் கொடுத்து, இதிலை ஏதோ அழிக்க ஏலாதாம், இவர் ரெண்டு நாளாய் மாரடிக்கிறார் என்று விளக்கமும் சொல்லி அனுப்பியிருக்கிறா. அழிப்பதில்தான் அந்த மென்பொருள் மொக்கு, மீட்பதில் கெட்டிக்காரன். தன் பேரைக் கண்டவர் ஒரு அமத்தலில் முழுவதையும் எடுத்துவிட்டார்.

அடுத்தநாள் காலை வந்து கதிரையில் இருந்தார். நான் சாக முந்தி உமக்கென்ன அவசரம் என்றார். நான் அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொன்னேன். எழுத்து நல்லாத்தான் கிடக்கு என்றார். பிறகு குரலை இறக்கி, ஐயாத்துரையின்ர பேரை ஆர் போடச் சொன்னது என்றார். ஐயாத்துரை நாரந்தனையில் இருக்கும் அவருடைய தம்பி, கோயிலில் மூன்றாம் திருவிழா யாருடைய உபயம் என்ற பிரச்சினையில் இருவரும் முகம் பார்ப்பதில்லை. நான் வழக்கப்படி ‘ஐயாத்துரையின் பாசமிகு அண்ணனும்’ என்று போட்டுவிட்டேன். மன்னியுங்கோ அண்ணை, சதீசனைக் கொண்டு அழிப்பிக்கிறன் என்றேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். அழிக்க ஏலாதெண்டு உம்மட மனிசி சொன்னவ, ஏலாததுக்கு ஏன் உலையிறீர், கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

வேறு புதினமில்லை. வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எல்லா நன்மையும் உனக்குக் கிடைக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துபோனேன், எனக்கும் ஒரு அறிவித்தல் எழுதி அதே மடிக்கணினியில்தான் வைத்திருந்தேன், மிகச் சின்னது. அதில் உன் பேரும் தனுசியாவின் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அது இன்னும் தேவைப்படாத
உன் அப்பா