அப்பாவின் காந்தாரம்

ஆகஸ்ட் 12, புதன்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் எழுதுகிறேன்.

சாக்ஸபோன் வாசிக்கும் அப்பா ஆறு மாதமாக மோகன ராகத்தையும் ஜாஸ் இசையையும் கலந்து ஒரு பாட்டு அமைக்கிறார். மோகனத்தில் வரக்கூடாத சின்னக் காந்தாரம் என்ற ஸ்வரம் ஒன்று அதில் வரும். ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒலிப்பதிவு. அந்த இடத்தை நான்தான் பாட வேண்டும்.

இன்று ராசிபுரத்தில் பாட்டுப் போட்டி. மோகனம் பாடும்போது பழக்கத்தில் அந்தக் காந்தாரம் வந்துவிட்டது. நடுவராக வந்திருந்த பெண்மணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, இது எங்கிருந்து வந்துச்சு? உங்க ஊட்டுக் கோழி போட்டுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கப்பாதாங்க தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாரு" என்றேன்.

அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தோசை ஊற்றினார். திட்டுவார் என்று பயந்துகொண்டே தின்றேன்.

"கண்ணு, ஞாயித்துக்கெழமை நான் மட்டும் போயிட்டு வாரேன். அந்த எடத்த சாக்ஸபோன்லயே வாசிச்சுக்கறேன்."

"சரிங்கப்பா."

இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். பசியே இல்லை. அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றால் போதும் என்றிருந்தது.