மாடி விளக்கும் மருந்து அறையும்

அம்மாவுக்கு வணக்கம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

ஒரு பெரிய சமாச்சாரம். எங்கள் கம்பெனியின் மருந்துக் குளிர் அறையில் நான் மாட்டிய சின்னச் சின்ன சென்சார்கள், கம்பியில்லாமலே குளிரின் அளவைக் கணினிக்குச் சொல்பவை. போன வாரம் அவை அடிக்கடி ஊமையாகிவிட்டன. அளவு தெரியாவிட்டால் மருந்தையெல்லாம் கொட்ட வேண்டியதுதான். எல்லார் கண்ணும் என் மேல். மாடியில் புதிதாகப் போட்ட, போனில் தட்டினால் எரியும் விளக்குகள் மேல் எனக்குச் சந்தேகம். அவற்றுக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன்.

“லைட்டை நிறுத்தினா மருந்து ரூம் பேசுமா?” என்று மேலாளர் சிரித்தார்.

“ரெண்டும் ஒரே அலைவரிசையில பேசுது சார். ஒண்ணு போடற சத்தத்துல இன்னொண்ணு கேக்கல.”

நிறுத்தியதும் அத்தனை சென்சாரும் பேசின. உடனே எங்களுடையதை வேறு அலைவரிசைக்கு மாற்றினேன். இப்போது விளக்கும் எரிகிறது, அளவும் வருகிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு உதவி. நான் கேட்டுக்கொண்டபடி போன ஞாயிறு ஒவ்வொருவராகப் போனில் பேசினீர்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது, ஆனால் நம் வீடு கேட்கவில்லை. அது வேண்டாம் அம்மா. அப்பா, தம்பி, நீ, எல்லாரும் பழையபடி ஒன்றாகவே கத்துங்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. போன் பேசும்போது குக்கர் விசிலையும் நிறுத்தாதே.

உன் மகள்