பத்து மணிக்குப் பிறகு கோப்பி இல்லை

நாரந்தனை,
01.09.2025

அன்பின் சறோஜினிதேவிக்கு,

தொலைபேசியில் நான் கதைக்கத் தொடங்கினால் நீர் "ம்" என்று சொல்லிவிட்டு அதைக் கேதீஸ்வரியின் கையில் கொடுத்துவிடுகிறீர். உம்முடைய தங்கையின் குரலைக் கேட்டதும் நான் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோகிறது. ஆகையால் எழுதுகிறேன். ஜெனீற்றா ரீச்சர் நயினாதீவுப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் படகேறுகிறா. அவ கையோடு கொண்டுவந்து தருவா. எழுதப்போவது பின்வருமாறு:

1. என் சுகம்.
2. கோப்பியைக் குறைத்தது சரி என்பதற்கான காரணங்கள்.
3. வெள்ளிக்கிழமை நடந்தது.
4. நீர் எப்போது வீட்டுக்கு வருகிறீர்.

முதலாவது. சுகமாக இருக்கிறேன். விடிய எழும்பிச் சுடுதண்ணீர், வெயில் ஏறமுன் பிள்ளையார் கோயில் வரை நடை, காலையில் குரக்கன் புட்டு, இரவில் வெள்ளெனச் சாப்பாடு, வெள்ளெனப் படுக்கை. எதுவும் பிசகவில்லை. உம்முடைய ஆடு மட்டும் நான் போடுகிற குழையைத் தின்னாமல் குசினி வாசலைப் பார்த்துக் கத்துகிறது.

இரண்டாவது. உமக்குப் பிரஷர் இருக்கிறது. சீனி வருத்தமும் வாசலில் நிற்கிறது. ஊர்காவற்றுறைக் கிளினிக்கில் டொக்டர் சொன்னதை நீரும் கேட்டீர். ஆனால் நீர் எத்தனை கோப்பி குடிக்கிறீர் என்பது உமக்கே தெரியாது. எழும்பினால் ஒன்று, முற்றம் கூட்டினால் ஒன்று, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் தலையைக் காட்டினால் ஒன்று, மழை வந்தால் ஒன்று, மழை வரவில்லையே என்று ஒன்று. எல்லாவற்றிலும் சீனி கரையாமல் அடியில் கிடக்கும். நான் கோப்பியை விலக்கவில்லை. அளவாகக் குடித்தால் அது உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று உமக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். காலையில் இரண்டு, பத்து மணிக்குப் பிறகு இல்லை. அவ்வளவுதான். தூள் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டியது அதிகம் என்று சொல்வீர். பூட்டாமல் விட்ட முதல் கிழமை என்ன நடந்தது என்று நினைத்துப் பாரும்.

மூன்றாவது. கேதீஸ்வரி வருவா என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கிணற்றுப் பங்குப் பிரச்சினையில் கோபித்துக்கொண்டு போனவ. அவவின் மகள் மேனுகா பாலர் வகுப்பில் இருந்த காலம் தொடக்கம் எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடியாதவ. அவ பதினொரு மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்வது? ஒருவருக்காக ஒரு நாள் தளர்த்தினால் அதை ஒழுங்கு என்று சொல்லமுடியுமா? நான் அவவை வெறுமனே இருத்தவில்லை. நல்ல கிளாசில் சுடுதண்ணீரை என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தேன். அதுவும் உபசாரம்தானே? இதில் எங்கே பிழை என்று இரவெல்லாம் யோசித்தேன். இருக்கலாம். எனக்குப் பிடிபடவில்லை.

நான்காவது. எப்போது வருகிறீர்?

இப்படிக்கு,
ஏரம்பு

*

நயினாதீவு,
03.09.2025

இஞ்சேருங்கோ,

உங்கள் கடிதம் கிடைத்தது. அது கடிதமா, கந்தோர்ச் சுற்றறிக்கையா? பென்சன் எடுத்து இவ்வளவு காலமாகியும் நீங்கள் பிரதம இலிகிதர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கேதீஸ் வாசித்துவிட்டு, "அக்கா, பிரதி ஆர் ஆருக்கு எண்டு அத்தான் கீழ போடேல்லையோ?" என்று கேட்கிறாள்.

டொக்டர் பத்து மணி என்று எப்போது சொன்னவர்? நானும் பக்கத்தில்தானே இருந்தனான். "அம்மா, கோப்பியை நிப்பாட்டத் தேவையில்லை, குறைச்சாக் காணும். சீனியைக் கைவிடுங்கோ. பொழுதுபட்டாப் பிறகு குடியாதேங்கோ" என்றவர். அவர் சொன்ன பொழுதுபடுகிற நேரம் உங்கள் கைக்கு வந்ததும் காலை பத்து மணியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து நாரந்தனைக்கு வருவதற்குள் சூரியனையே இறக்கிவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை என்ன பிழை என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு உங்களிடம் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். "நேரம் பதினொண்டு" என்றீர்கள். "என்ர தங்கச்சி வந்திருக்கிறாளப்பா" என்றேன். "அதுக்கு?" என்றீர்கள். சேட்டுப் பொக்கற்றைக் கையால் பொத்திக்கொண்டு, மாங்காய் களவெடுத்த பெடியன் மாதிரி நின்றீர்கள். குசினிக்கும் விறாந்தைக்கும் எவ்வளவு தூரம்? அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிறகு சுடுதண்ணீரைக் கொண்டுபோய் நீட்டி, "இது பிரஷருக்கு நல்லது" என்று விளக்கம் வேறு! அவளுக்குப் பிரஷரே இல்லை.

அவள் அந்தக் கிளாசைத் தொடவில்லை. எழும்பி, "பரவாயில்லை அத்தான். தண்ணியும் தராத வீடு எண்டு இனிச் சொல்லமாட்டன். சுடுதண்ணி தந்தனீங்கள்" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தாள். நான் உடுத்திருந்த சீலையோடு அவளுக்குப் பின்னால் வந்தேன்.

அவள் எதற்கு வந்தவள் என்று ஒரு சொல் கேட்டீர்களா? மேனுகாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. பெரியப்பாவும் பெரியம்மாவுமாக மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும் என்று கேட்கத்தான் அவள் படகும் பஸ்ஸும் ஏறி வந்தவள். முதலில் வாய் நனைத்துவிட்டுக் கேட்போம் என்று இருந்தவள். எங்கள் ஆட்களிடையே கோபம் வேறு எப்படித் தீருகிறது? ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. வருவார்கள், கோப்பி குடிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். அவள் இத்தனை வருடங்களை விழுங்கிவிட்டு வந்து இருந்த இடத்தில்தான் நீங்கள் நேரம் பார்த்தனீங்கள்.

இப்போது அவள் மனுசனின் தமையனையும் பெண்சாதியையும் கேட்போமா என்று யோசிக்கிறாள். மேனுகா என் கையை விடுகிறாள் இல்லை. "பெரியம்மா, நீங்கள்தான் இருக்கவேணும்" என்கிறாள். நான் தனியே இருந்து தாரை வார்க்க ஏலுமே? பக்கத்தில் ஒரு மனுசன் வேண்டும்.

பிரஷர்க் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். கோப்பியும் குடிக்கிறேன்.

சறோ

*

நாரந்தனை,
05.09.2025

அன்பின் சறோஜினிதேவிக்கு,

உமது கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பதில் பின்வருமாறு:

1. மேனுகாவின் கல்யாணம்.
2. என் தகுதி.
3. ஊரில் எனக்கு வந்திருக்கும் பெயர்.
4. ஒரு யோசனை.

முதலாவது. மிகுந்த சந்தோஷம். பிள்ளைக்குச் சொல்லும்.

இரண்டாவது. சபைக்கு நடுவில் இருந்து, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இன்னொருவர் கையில் கொடுப்பது என்னால் முடியுமா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் அதைச் செய்து பழக்கமும் இல்லை. தண்ணீரை வேறு இடத்தில் ஊற்றிவிடுவேன். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதைக் கவனமாக வாசியும். மாட்டேன் என்று சொல்லவில்லை.

மூன்றாவது. வெள்ளிக்கிழமை நடந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே நீர்தான் படலையடியில் சின்னத்தங்கத்திடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர். நேற்றுச் சங்கக்கடையில் நின்றபோது எனக்குப் பின்னால் ஒருவர், "டேய், விலத்து. சுடுதண்ணியர் வாறார்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் வைத்த பட்டம் செத்தவீட்டு நோட்டீஸ் வரைக்கும் வரும் என்பது உமக்குத் தெரியும். முப்பத்தைந்து வருட அரச சேவைக்குக் கிடைத்த பெயர் இது.

நான்காவது. டொக்டர் சொன்னது பொழுதுபட்ட பிறகு என்பது உண்மையாக இருக்கலாம். பத்து மணி என்பதை நான் பாதுகாப்புக்காகச் சேர்த்தேன். எல்லை ஒன்று இருந்தால் அதற்குச் சற்று முன்னாலேயே நிற்பது நல்லது என்பது என் அனுபவம். இருந்தாலும் கேதீஸ்வரியின் மனம் நோகக்கூடாது. எனவே அவ இன்னொரு நாள் முதற் படகில் வெளிக்கிட்டு, குறிகட்டுவானில் பஸ் பிடித்து, வேலணையில் மாறினால் ஒன்பதரைக்கு இங்கே வந்து சேரலாம். நானே படலையில் நிற்பேன். கோப்பியும் குடிக்கலாம், ஒழுங்கும் கெடாது. ஒருவருக்கும் நட்டமில்லை.

இது உமக்குச் சம்மதமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஏரம்பு

*

நயினாதீவு,
08.09.2025

இஞ்சேருங்கோ,

எனக்குச் சம்மதமாக இருக்கும் என்று நம்புகிறீர்களா? அந்த நாலாவதை வாசித்து முடிக்க எனக்குத் தலை சுற்றியது. அது பிரஷர் இல்லை, நீங்கள்.

படகை உங்கள் கோப்பி நேரத்துக்கு ஓடச் சொல்கிறீர்களோ? கேதீஸுக்கு நான் இதை வாசித்துக் காட்டவில்லை. அவளே என் கையில் இருந்து பறித்து வாசித்துவிட்டு, "அத்தான் என்னைக் கச்சேரிக் கந்தோருக்கு வரச் சொல்லுற மாதிரிச் சொல்லுறார். அடையாள அட்டையும் கொண்டு வரட்டோ?" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

நானும் உங்களைப் போல இலக்கம் போட்டு எழுதுகிறேன்.

1. அவள் இரண்டாம் தரம் வரமாட்டாள். நான் வரவும் விடமாட்டேன்.
2. நீங்கள் வாங்கோ. அவள் தருவதைக் குடியுங்கோ. எத்தனை மணி என்று பார்க்காதேங்கோ.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாரை வார்ப்பது யார் என்று அன்றைக்குச் சொல்லவேண்டும். அதற்குள் நீங்கள் வராவிட்டால் அவள் மைத்துனரைக் கேட்பாள். கேட்கச் சொல்லி நானே சொல்வேன். அதற்குப் பிறகு என்னிடம் எப்போது வருகிறீர் என்று கேட்டு எழுதவேண்டாம்.

கடல் பயம் என்று சொல்லாதேங்கோ. ஜெனீற்றா ரீச்சர் தினமும் வருகிறா.

சறோ

*

நாரந்தனை,
15.09.2025

அன்பின் சறோவுக்கு,

இன்று எழுதுவது:

1. வீடு வந்து சேர்ந்த விபரம்.
2. கேதீஸ்வரி வீட்டில் குடித்த கோப்பி.
3. கல்யாணம் முடியும்வரை நீர் அங்கேயே நின்று உதவலாம். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.
4. இனிமேல் வீட்டு ஒழுங்கு.

முதலாவது. சனிக்கிழமை உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பிய கடைசிப் படகில் காற்று அதிகம். பலகையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "ஐயா, அம்மாளை நினையுங்கோ, ஒண்டும் செய்யாது" என்றா. நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது. இதை உம்மிடம் நேரில் சொல்ல முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள்.

நான் கதிரையில் இருந்ததும் கேதீஸ்வரி குசினிக்குப் போனா. மேனுகா கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பதைக் கண்டேன். கோப்பி வந்தது. "எத்தனை மணி அத்தான்?" என்று கேதீஸ்வரி கேட்டா. "மணிக்கூட்டை வீட்டில வைச்சிட்டு வந்தனான்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அது பகிடி இல்லை. உண்மையாகவே கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தேன். கையில் கிடந்தால் பார்ப்பேன் என்ற பயம்.

கோப்பியில் அரைவாசி சீனி. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கேதீஸ்வரி தட்டத்தைக் கீழே வைக்காமல் நின்றதைத்தான் கவனித்தேன். நான் கிளாசை எடுத்தபோதும் நின்றா. ஊதியபோதும் நின்றா. முதல் வாய் குடித்த பிறகுதான் தட்டத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. "போன கிழமை ஐயர் வந்து நாள் குறிச்சவர்" என்று கல்யாணக் கதையைத் தொடங்கினா. இடையில் கிணறு பற்றியோ வேலி பற்றியோ ஒரு சொல் வரவில்லை.

அன்று எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு அவவும் என் கையைத்தான் பார்த்திருப்பா. நான் கிளாசை நீட்டியபோது அதற்குள் இருப்பது தெளிந்த தண்ணீர் என்பதை அவ கண்டிருப்பா. படகில் வரும்போதெல்லாம் இதையே யோசித்தேன். காற்றுக்குப் பயந்து கண்ணை மூடினேன் என்று மேலே எழுதியதில் இதுவும் சேரும்.

இரண்டாவது கிளாஸ் கொண்டுவந்தபோது நீர்தான் இடையில் விழுந்து, "காணும் கேதீஸ், அவருக்கும் பிரஷர் இருக்கு" என்று தடுத்தீர். நான் குடிக்கத் தயாராகத்தான் இருந்தேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. ஒருவர் குடிக்க எடுத்ததை இன்னொருவர் தடுத்தால் அப்படித்தான் இருக்கும்போல.

மாப்பிள்ளை வீட்டாரிடம் எங்கள் இருவர் பெயரையும் சொல்லியாகிவிட்டது என்று நேற்று நீர் தொலைபேசியில் சொன்னீர். முதல் முறையாக அதை மற்றவர் கையில் கொடுக்காமல் நீரே கதைத்தீர். தண்ணீர் ஊற்றுவதை ஒரு செம்பை வைத்துப் பழகுகிறேன். பாதி வெளியே போகிறது. ஐப்பசிக்குள் சரிவரும்.

மூன்றாவது. நீர் அங்கே நிற்பதால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நடை, குரக்கன், நேரத்துக்குச் சாப்பாடு, எல்லாம் நடக்கிறது. நடந்து முடிந்த பிறகு நேரம் மிஞ்சுகிறது. நேற்றுச் சின்னத்தங்கம் வந்தா. கேட்காமலே கோப்பி போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு தூள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் பேணியைப் பூட்டத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணை, இது கோப்பியோ, கசாயமோ? அந்தச் சுடுதண்ணியே திறம்" என்றா. ஆனாலும் முழுவதையும் குடித்தா. ஆடு இப்போது இரவிலும் கத்துகிறது.

நான்காவது. அலுமாரியைப் பூட்டுவதில்லை. உமக்குக் காலையில் ஒன்று, பின்னேரம் வெள்ளென ஒன்று. சீனி வேண்டாம், ஒரு கடி பனங்கட்டி. பொழுதுபட்ட பிறகு இல்லை. இது டொக்டரின் சொல், என்னுடையது அல்ல. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எந்த நேரமும் உண்டு. அவர்களோடு நீரும் குடிக்கலாமா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அரைக் கிளாஸ் என்று வைப்போம். இதில் உமது அபிப்பிராயத்தை எழுதும்.

ஜெனீற்றா ரீச்சர் படலையில் நின்று கூப்பிடுகிறா. படகுக்கு நேரமாகிவிட்டதாம். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வேறு தாளில் திருத்தி எழுத அவகாசம் இல்லை.

மூன்றாவதாக எழுதியது பிழை.

இப்படிக்கு,
ஏரம்பு